படர்க்கை ஒருமை

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
சிம் அட்டை விற்கிற கடையின் பின்பாதியில்
என் கொம்பியூட்டர்.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
பிழைகளுக்குத் தனிக் காசு இல்லை.

நேற்று மழைக்குள் வந்தவள் பெயர் அழகுநாச்சி.
குடையை மடக்கவே நேரம் எடுத்தது,
வலது கையில் கட்டு.
கொம்பனி அனுப்பிய ஃபோமை
சொப்பிங் பைக்குள்ளிருந்து இடது கையால் இழுத்து வைத்தாள்.

மூன்றாம் பெட்டியில் அடித்தேன்:
ஐ லொஸ்ட் டூ ஃபிங்கர்ஸ்.
தமிழில் வாசிக்கச் சொன்னாள்.
"நான் இரண்டு விரலைத் தொலைத்துவிட்டேன்."
"நான் எங்கண்ணே தொலைச்சேன்?
பஸ்சுல விட்டுட்டு வந்த மாதிரில்ல இருக்கு."

இழந்தேன் என்று வாசித்திருக்கலாம்.
ஆனாலும் வசனத்தின் வாசலில்
'நான்' நின்றுகொண்டுதான் இருக்கும்,
ஈரச் செருப்போடு,
ஒபிசுக்குக் கூப்பிட்டுவிட்ட ஆள் மாதிரி.

அழித்தேன்.
கை தவறி லூஸ் என்று விழுந்தது, ஓ ஒன்று கூடிப்போய்.
அதையும் அழித்தேன்.
டீமேக்கர் ஐயா அவளை ஏற்கெனவே
அப்படித்தான் சொல்லியிருந்தாராம்.

பிறகு லொஸ்.
லொஸ் ஒஃப் டூ ஃபிங்கர்ஸ்.
ஃபோம்களுக்குப் பிடித்தது இதுதான்.
காலம் காட்டாது, செய்தவனைக் கேட்காது.
விரல்கள் இரண்டும் தாமாக எழுந்து
தேநீர் குடிக்க வெளியே போன மாதிரி.

கூடவே பின் அடித்திருந்த ரிப்போர்ட்டில்
டீமேக்கரும் ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்திருந்தார்:
கெயார்லெஸ்னஸ்.
கெயாருக்கு ஒரு வால், அந்த வாலுக்கும் ஒரு வால்.
முதல் வால் கவனத்தை இல்லாமலாக்கும்.
அடுத்தது அந்த இல்லாமையைப் பொட்டலமாகக் கட்டி
அவள் மடியில் வைக்கும்.
யாருடைய கவனம் என்று
இரண்டு வாலும் வாய் திறக்காது.

"பதினொரு மணிக்கு நடந்திச்சுண்ணே.
அன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க."

நௌன் என்றால் பெயர் என்றுதான்
எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
அதில் பாதியும் உண்டு என்பது
செக்ரோலுக்குத்தான் தெரியும்.

"சரி, நீங்களே சொல்லுங்க. என்ன நடந்திச்சு?"
"ரோதை எடுத்திச்சு."

அவ்வளவுதான். அதையே போட்டேன்.
முதலில் மெஷின், அடுத்து வினை:
டேக், டுக், டேக்கன்.
நடந்து முடிந்தது, ஆகவே டுக்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"போன தையில நவமணியோட கட்டைவிரல.
அதுக்கு முந்தி நைட் சிப்டுல ஒரு பொடியன்,
பேர் ஞாபகமில்ல, மணிக்கட்டு வரைக்கும்."

கை நின்றது.
வழமையாக நடப்பதற்கு இங்கிலிசில் நிகழ்காலம்.
சூரியன் கிழக்கில் உதிப்பதற்கு எதுவோ, அதுவே.
படர்க்கை ஒருமையென்றால் வினையின் கடைசியில் ஓர் எஸ்.
ஒன்பதாம் ஆண்டில் எனக்குப் பத்துக்கு நாலு,
எஸ் எல்லாம் விட்டுப்போய்.

டுக்கை அழித்தேன்.
டேக்ஸ்.
எஸ் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

வசனம் பெட்டிக்கு வெளியே தள்ளியது.
எழுத்தைச் சிறிதாக்கினேன்.
பிரின்டர் இருமி இருமித் துப்பியது.

இடது கையில் பேனா நிற்கவில்லை.
கடதாசியை நான் அமத்திப் பிடித்தேன்.
"முழுப்பேருமா?" என்றாள்.
"முழுப்பேரும்" என்றேன்.