கையின் உயரம்

இரவு இரண்டு மணி.
ஜெசிந்தா சுவர்ப்பக்கம் புரண்டு படுக்கிறாள்.
இது என் முறை.

கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டினேன்.
ஒரு சின்னத் திப்பி போதும்,
குழாய் அடைத்துக்கொள்ளும்.
அப்புறம் வெந்நீரும் பொறுமையும்தான்
விடியும்வரை.

மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறேன்.
சட்டையைத் தூக்கினால்
தொப்புளுக்கு மேலே, இடப்பக்கம்,
பெனிட்டாவின் பொத்தான்.
தையல்காரன் நான்.
பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு
லட்சம் பொத்தான் தைத்திருப்பேன்.
வயிற்றுக்குள் திறப்பது இது ஒன்றுதான்.

முதலில் பத்து மில்லி தண்ணீர்.
பிறகு, தண்டு உருவிய சிரிஞ்சில் கஞ்சி.
அழுத்தக் கூடாது.
கை உயர்ந்தால் வேகம்,
தாழ்ந்தால் நிதானம்.
அவ்வளவுதான் என்றாள் வைஷாலி சிஸ்டர்,
மராத்தியில் பாதி, இந்தியில் கொஞ்சம்,
மீதியை
என் முழங்கையைப் பிடித்து உயர்த்தி.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
இவளுக்கு
இவள் வாயும் இவள் வயிறுமே வேறு.
அப்பனைப் பற்றிப் பழமொழி
ஒன்றும் சொல்லவில்லை.

வாய்க்கு வேலை இல்லாமல் இல்லை.
சிரிக்கிறது, எச்சில் வடிக்கிறது.
பல் முளைத்தபோது என் அளவு நாடாவைக் கடித்து
பதினேழாம் அங்குலத்தை அழித்துவிட்டது.
இன்றும் அந்த இடத்தைக்
குத்துமதிப்பாகத்தான் அளக்கிறேன்.

முதல் வருடம் முழுக்க
அவளுக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டோம்,
திருட்டுச் சோறு மாதிரி.
இப்போது அவள் எதிரிலேயே தட்டு வைக்கிறோம்.
மீன்குழம்பு கொதித்தால் மூக்கைச் சுருக்குவாள்.
பிடிக்கவில்லை என்பாள் ஜெசிந்தா.
கேட்கிறாள் என்பேன் நான்.

போன ஜூலையில், சந்தில் முழங்கால் தண்ணீர்,
தூக்கத்தில் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டாள்.
காது குத்திய துளை போலத்தான்,
விட்டால் தூர்ந்துபோகும்.
கரண்ட் இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிற இந்தக் கை
மாற்றுக் குழாயை வைத்துக்கொண்டு
ஆடியது.
டார்ச் பிடித்திருந்த ஜெசிந்தா
ஒரு வார்த்தை பேசவில்லை.
உள்ளே போனதும்
குழாய் வழியாக ஒரு ஏப்பம்,
புளித்த பால் வாடையோடு.
மூன்று பேரில் சிரித்தவள் அவள்தான்.

ஊரிலிருந்து போனில் கேட்கிறார்கள்,
பிள்ளை சாப்பிட ஆரம்பிச்சிட்டாளா?
அஞ்சு வேளை சாப்பிடுறா என்கிறேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
பேச்சு இருக்காது.

காலையில் சயானில் ஏறி
முலுண்ட் வரைக்கும் நின்றே போகிறேன்.
கைப்பிடி, இரவின் அதே உயரம்.
யாரோ ஒருவர் என் விலாவில் சாய்ந்து
தூங்கிக்கொண்டு வருகிறார்.
உதட்டுக்குள் எண்ணுகிறேன்,
நாற்பது, முப்பது, இருபது.
விக்ரோலி தாண்டி
வண்டி வேகமெடுக்கிறது.
என்னை அறியாமல்
கையை
மெல்லத் தாழ்த்துகிறேன்.