பாயி – 3

எங்கள் போட்டின் கணக்கு நோட்டில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
ஐஸ் நானூறு பார்
டீசல், அரிசி, வெங்காயம்
பாயி – 3.
கிழங்கில்கூட
மரச்சீனி வேறு, சேம்பு வேறு என்று
பிரித்து எழுதுகிறவள் நான்.

நம் பையன்கள் தோகாவுக்கும் துபாய்க்கும் போனபின்
தேங்காப்பட்டணத்தில் வலை இழுக்க ஆளில்லை.
குழித்துறை ஸ்டேஷனில் இறங்கி
பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.
முதல் வருஷம்
குழாயடியில் அவர்களுக்குத் தனி நேரம் வைத்தோம்.
அடுத்த வருஷம்
ஸ்டெல்லஸ் கடையில் கடுகெண்ணெய் வந்தது,
ஓலைக்கூரைக்கு மூவாயிரம் வாடகையும் வந்தது.
அதற்கும் அடுத்த வருஷம்
பிள்ளையைக் காணோம் என்று யாரோ வாட்சாப்பில் போட
ஏலக்கூடத் தூணில் நாலு பேரைக் கட்டினார்கள்.
பிள்ளை அத்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.
அவிழ்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை,
ஆளுக்கொரு சாயா வாங்கிக் கொடுத்தார்கள்.
நானும் அங்கேதான் நின்றேன்.
தலையில் மீன்சட்டி இருந்தது என்பது
ஒரு காரணமா?

ஐப்பசியில் போன போட்டு
பதினாறு நாளாய் வயர்லெஸ்ஸில் பேசவில்லை.
மீன்துறை ஆபீசில் பட்டியல் கேட்டார்கள்.
கொழுந்தன் பனியடிமை, சிலுவைதாசன், ததேயூஸ்...
தகப்பன் பேர், வயசு, ஆதார் நம்பர்
மூச்சுவிடாமல் சொன்னேன்.
பிறகு?
பாயி மூணு, சார்.
பாயிக்குப் பேரு?

அவர் பேனா அந்தரத்தில் நின்றது.

எனக்கு பஹ்ரைன் நினைவுக்கு வந்தது.
எல்லை தாண்டிப் பிடித்தான் என்று
என் வீட்டுக்காரரை அடைத்த வருஷம்
அந்த ஊர்க் காகிதத்தில்
ஹிந்தி, ஆறு பேர் என்றுதான் இருந்ததாம்.
அரபிக்கு நாமெல்லாம் ஹிந்தி.
ஹிந்தியில் ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாத மனுஷன்!
நாற்பத்திரண்டு நாள்
அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லஸின் பழைய நோட்டைப் புரட்டி
அவர்கள் ஊருக்கு ரீசார்ஜ் போட்ட
மூன்று நம்பர் எடுத்தோம்.
ஒன்றில் ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.
கோபே? கோபே? என்றாள் திரும்பத் திரும்ப.
கோபத்தில் கத்துகிறாள் என்று நினைத்து
நான் மன்னிப்புக் கேட்டேன்.
கருங்கல் பரோட்டாக் கடைப் பையன் வந்து சொன்னான்:
அக்கா, அது கோபம் இல்ல,
எப்போ, எப்போன்னு கேக்காங்க.

சன்யாசி ஜானா, ஊர் காக்துவீப்.
நிமாய் மண்டல், அதே ஊர், அதே தெரு.
மூன்றாவது நம்பர் அணைந்தே கிடந்தது.
பட்டியலில் இரண்டு பேரும் ஒரு பாயியுமாய்
எழுதிக்கொண்டார் ஆபீசர்.

பத்தொன்பதாம் நாள்
இன்னொரு போட்டு கட்டியிழுக்க
எல்லாரும் உயிரோடு வந்தார்கள்.
துறைமுகமே அழுதது.
நிமாயைக் கட்டிப்பிடித்து முத்தினவர்களில்
தூணில் கட்டினவனும் இருந்தான்.

மறுமாசம் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்:
ஒரு போட்டுக்கு வெளியாள் மூணுக்கு மேல் கூடாது.
கை தூக்கினான் பனியடிமை.
தார்ப்பாயில் தேங்கின மழைத்தண்ணீரை
நிமாய்தான் துணியில் பிழிந்து
அவன் வாயில் விட்டிருந்தான்.
கேட்டேன்.
அது கடல் மைனி, இது கரை என்றான்.

நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன்.
மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு
பேரென்ன என்றேன்.
ஒரு எட்டு பின்னால் வைத்தான்.
எதுக்கு?
கணக்குக்கு.
போலீசு?
இல்லை, எனக்கு.
வாசலைப் பார்த்தான், என் பேனாவைப் பார்த்தான்.
தமிழில்தான் சொன்னான்:
பாயி போதும், அக்கா.

ஜானா, மண்டல் எழுதி
கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன்.
அதற்கும் கீழே
ஐஸ் நானூறு.