முன்புறம், பின்புறம்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
ஒரு மனிதன் நிற்கிறான்.
கண் இல்லை, வாய் இல்லை, உடுப்பு இல்லை.
அவனையே இருமுறை வரைந்திருக்கிறார்கள்:
முன்புறம், பின்புறம்.
காயம்பட்ட இடத்தில் பெருக்கல் குறி இடுக.

லிம் சூ காங்கில் எங்கள் கீரைப் பண்ணையில்
ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்,
அதுவும் டிப்ளமாவைப் பாதியில் விட்டவனின் ஆங்கிலம்.
நீயே எழுதிவிடு என்று லூ நீட்டினார்.
பூவராகனுக்கு வலது கை, நடுவிரல், மேல் கணு.
படத்து மனிதனுக்கோ விரல்களே பிரியவில்லை,
அடுப்படிக் கையுறை மாதிரி ஒரே கொத்து.
அதன் நுனியில்
குத்துமதிப்பாக ஒரு குறி போட்டேன்.

அடுத்த கேள்வி: எப்படி நேர்ந்தது?
மூன்று கோடுகள் விட்டிருக்கிறார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு ஒன்பது நாள் இருந்தது.
சாய் சிம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.
விடிகாலை நாலரைக்கு ஓடத் தொடங்கிய கழுவும் பெல்ட்
ஐந்தே காலுக்கு வேர் சிக்கி முனகியது.
நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க ஆறு நிமிடம்.
ஆறு மணிக்கு லாரி.
கையை விட்டான்.
கத்தவில்லை. "அய்ய" என்றான்,
சில்லறை கீழே விழுந்தால் சொல்வோமே, அப்படி.

கோ தெய்ன்தான் கீரைக்குள் தேடி எடுத்தான்.
ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அனுப்பினோம்.
ஒட்டாது என்று சொல்லிவிட்டார்களாம்.
மீதிக் கீரையை மறுபடி அலசி
ஆறு இருபதுக்கு ஏற்றினோம்.
அந்த இருபது நிமிடம்
வேறொரு படிவத்தில் இருக்கிறது.

பெல்ட்டுக்கு ஒரு மூடி உண்டு.
சிக்கியதை எடுக்க ஒவ்வொரு தடவையும்
நான்கு திருகாணி கழற்ற வேண்டும்.
போன மாதம் ஒருநாள்
"எடுத்து ஓரமா வை" என்றார் லூ.
வைத்தேன்.
திருகாணிகள் மைலோ டின்னில் கிடக்கின்றன,
ஆட்டினால் சத்தம் வரும்.

பூவராகன் மருத்துவமனையிலிருந்து போன் செய்தான்.
என் கவனக்குறைவுன்னு போட்டுடு, எதுக்கு வம்பு.
ஆகஸ்டுல பெர்மிட் முடியுது,
ஏஜெண்டுக்கு இன்னும் பாதி தரல.
கீரை அறுக்க மூணு விரல் போதும்டா,
எனக்கு ஒண்ணு அதிகமாவே இருக்கு.
சிரித்தான் என்று நினைக்கிறேன்.
தெங்காவிலிருந்து கிளம்பிய போர்விமானம் ஒன்று
கூரையை உரசுவதுபோல் போனதில்
அது என்ன சத்தம் என்று சரியாகக் கேட்கவில்லை.

படத்து மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பென்சில் இருந்திருந்தால்
இவனுக்கு இன்னும் நிறைய போடலாம்.
இரண்டு மணிக்கட்டிலும்,
கத்தி பிடித்துப் பிடித்து இரவில் மரத்துப்போவதற்கு.
முகத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில்,
மருந்தடிக்கையில் வலைக்கூடாரத்துக்குள்
காற்று திரும்பிய அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு.
பூட்ஸுக்குள் ஊறி வெளுக்கும் கால்விரல் இடுக்குகளில்.
பின்புறம் நிற்பவனின் இடுப்பில் ஒன்று.
அது என்னுடையது.
இருபத்தைந்து கிலோ உரமூட்டையோடு சேர்த்து
பதினான்கு மாதமாக
யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறேன்.
இதற்கெல்லாம் எப்படி நேர்ந்தது என்று கேட்டால்
மூன்று கோட்டில் என்ன எழுத?
நேரவில்லை,
நேர்ந்துகொண்டிருக்கிறது.

முதல் கோட்டில் எழுதினேன்:
இயந்திரத்துக்கு மூடி இல்லை.
இரண்டாவதில், கழற்றியவர்:
என் பெயர், என் பெர்மிட் எண்.
கை நடுங்கியது,
எழுத்து நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.
மூன்றாவதில்
'கழற்றச் சொன்னவர்' என்று மட்டும் எழுதி
மீதியை வெறுமையாக விட்டு
லூவின் மேசையில்
அவருடைய பேனாவோடு வைத்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்,
காகிதங்களுக்கு அடியில், சட்டைப் பையில், இழுப்பறையில்.
நெற்றியில்தான் இருந்தது.
நான் சொல்லவில்லை.