பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு சிகரெட்

மழைக்குப் பயந்தவர்கள் செய்த கார் இது.
காற்றை உள்ளே விடுவதைவிட
வெளியே நிறுத்துவதில்தான் அவர்களுக்கு அக்கறை.
அறுபத்தொன்பதில், ஏதோ ஓர் ஆங்கிலேய ஊரில்,
விறைத்த விரல்கள் முடுக்கிய திருகாணிகள்
இங்கே பேஜாவுக்குத் தெற்கே
நாற்பத்தொரு டிகிரியில்
தொட்டால் சுடுகின்றன.

இரண்டே இருக்கை. நீண்ட மூக்கு.
எஞ்சினின் சூடு முழுக்க நம் முழங்காலுக்கே வந்து சேரும்,
வாடகை கேட்க வருகிறவன் போல, நாள் தவறாமல்.
போன ஞாயிறு மேர்தொலா சாலையில்
என் செருப்பின் பசை இளகி அடிப்பாகம் கழன்றது.
"பழைய காரென்றால் அப்படித்தான், இவோன்" என்றான் தெல்மோ.
பழைய கணவனும் அப்படித்தான் என்று
நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தொடங்கினேன்.
முன்கண்ணாடிக்கு அடியிலிருந்த சல்லடையைக் கழற்றினால்
தக்கை மரத்துச் சருகு, ஒரு குளவிக்கூடு,
எழுபத்தெட்டாம் வருடத்துப் பார்க்கிங் சீட்டு.
காற்றுக் குழாய்கள் கை பட்டதும்
அப்பளமாய் நொறுங்கின.
ஹீட்டர் வால்வு மூடியிருப்பதாக நடித்துக்கொண்டு
வெந்நீரை விட்டுக்கொண்டே இருந்தது.
எல்லாம் மாற்றினேன்.
படகின் அடித்தளத்துக்கென்று சினெஷ் துறைமுகத்தில் விற்கும்
சின்ன மின்விசிறி ஒன்றையும் பொருத்திச்
சுவிட்சைத் தட்டினேன்.
விசிறி கத்தியது.
காற்று வரவில்லை.

கையை வைத்துப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.
வாசல்வரை வந்துவிட்டு
உள்ளே வரலாமா என்று யோசிக்கும் விருந்தாளி மாதிரி
ஏதோ ஒன்று அங்கே நின்றது.

"புகை வேண்டும்" என்றேன்.
"புகை இருந்தால் காற்று கண்ணுக்குத் தெரியும்."
தெல்மோ பேசாமல் கொட்டகைக்குள் போய்
பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து
ஒரு பெட்டியை எடுத்து வந்தான்.

பதினான்கு மாதம்.
மருத்துவர் அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்த மதியத்திலிருந்து
பதினான்கு மாதம்.
பெட்டியில் ஏழு இருந்தன.
நான் எண்ணியதை அவன் பார்த்தான்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தோம்.
உதட்டில் வைக்காமல் பற்றவைக்க
மூன்று தீக்குச்சி ஆனது.
புகை நேராக எழுந்து, கூரையில் முட்டி,
எங்கள்மீதே இறங்கியது.
"அதற்குப் போக இடமில்லை" என்றான்.
"நிறைகுடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாய்."

பின்கதவை விரலளவு திறந்து ஓட்டிப் பார்த்தோம்.
காரின் முதுகுக்குப் பின்னால் சுழன்ற காற்று
சைலன்சர் புகையை அப்படியே வாரி உள்ளே போட்டது.
இரண்டு பேரும் இருமினோம்.
என் இருமல் நின்ற பிறகும்
அவனுடையது எத்தனை தூரம் போகிறதென்று
கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.
ஒரு பாலம், ஒரு பெட்ரோல் பங்க்,
பிறகு நின்றது.

பின்பக்கத்துச் சின்ன ஜன்னல்கள், அவைதான் மிச்சம்.
திறப்பதற்கென்று யாரும் நினைத்தே செய்யாத கண்ணாடிகள்.
முன்விளிம்பில் பித்தளைக் கீல், பின்விளிம்பில் கொக்கி,
ரப்பரை அறுத்ததில் என் கட்டைவிரலும் கொஞ்சம்.
வியாழன் இரவு வரை இழுத்தது.

வெள்ளிக்கிழமை, இரண்டாவது சிகரெட்.
நான் ஓட்டினேன். அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.
நாற்பதில் புகை தயங்கியது.
அறுபதில் தலை சாய்த்தது.
எண்பதில் ஒரு நூலாய் நீண்டு
எங்கள் இருவருக்கும் நடுவே, அவன் காதோரம் நழுவி,
அந்தச் சின்ன இடுக்கு வழியாக
அறுத்த கோதுமை வயல்களுக்குப் போய்விட்டது.
அது போன இடத்தில் காற்று வந்தது.
உலர்ந்த வைக்கோல் வாசனையோடு, என் கழுத்துக்கு.

தெல்மோ அதைக் கடைசிவரை பிடித்திருந்தான்.
சாம்பல் வளைந்து, அவன் கால்சட்டையில் விழுந்து,
பஞ்சு கருகும்வரை.
நான் சாலையைப் பார்த்தேன்;
அவன் உதட்டையும் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சோதிக்க வேண்டுமா?"
"வேண்டாம். வேலை செய்கிறது."

பெட்டி இப்போது டேஷ்போர்டு அறையில் கிடக்கிறது.
திருப்பங்களில் உருளுகிற சத்தம் கேட்கும்.
சனிக்கிழமை எண்ணினேன், ஐந்து.
நேற்றும் ஐந்து.
முழங்கால் இன்னமும் சுடத்தான் செய்கிறது, அது வேறு வேலை.
இன்று நாற்பத்து மூன்று டிகிரி.
காலையிலிருந்து
நான் இன்னும் எண்ணவில்லை.