தனிநிலை

வூப்பர்டால். ஒக்டோபர், செவ்வாய் மாலை.
தோட்டச் சங்கக் குடிலில் ஹீட்டர் ஓடியும் குளிர்.
ஏழு கதிரை. குல்மனுக்கு முழங்காலில் அறுவை, ஆகவே ஆறு பேர்.
நால்வர் இருந்தாலே கூட்டம் செல்லும்.
கோரம் உண்டு என்று முதல் வரியில் எழுதினேன்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு,
அன்று அது எனக்குக் கேட்கவில்லை.

விவகாரம்: முப்பத்துநாலாம் துண்டு.
குத்தகைக்காரர் ட்ராப்மன், வயது எழுபத்தொன்று.
மூன்றிலொரு பங்கில் மரக்கறி இருக்கவேண்டும் என்பது விதி.
அவரிடம் இருப்பது காஞ்சொறி, இடுப்பளவு,
நடுவே யாரும் பறிக்காத ஓர் ஆப்பிள் மரம்.
குத்தகையை ரத்துச் செய்யலாமா?

செவிம் மட்டும் பேசினாள்.
மனைவி பராமரிப்பு இல்லத்தில்,
மனிதர் எங்கே களை பிடுங்குவார்,
ஒரு கோடை பொறுப்போமே.
தலைவி ப்ரோய்னிங் கண்ணாடியைத் துடைத்தார்.
ஆம்? இரண்டு கை.
இல்லை? ஒன்று, நகத்தில் மண்ணோடு.
நடுநிலை?

மார்லீஸ் தூக்கினாள். முப்பத்தைந்தாம் துண்டு அவளுடையது,
வேலியைத் தள்ளிப் போட மகன் காத்திருக்கிறான்.
நேர்மை கருதி, என்றாள்.
ஊடோ தூக்கினான். என்ன கேட்டார்கள் என்றே அவனுக்குத் தெரியாது.
நானும் தூக்கினேன், முழங்கை மேசையை விட்டு எழாமல்.
என் பாகற்பந்தலை நாடா வைத்து அளந்தவர் ட்ராப்மன்.
பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாம், கடிதம் போட்டார்.
பகை இல்லையென்று காட்ட நினைத்தேனா,
பகையைத்தான் காட்டினேனா,
இதை எழுதும்போதும் பிடிபடவில்லை.

ஒன்றும் ஆகாது என்றுதான் இருந்தேன்.
வந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும், ஆறில் நாலு.
இரண்டு கை என்ன செய்துவிடும்?
தலைவி விதிப்புத்தகத்தைத் திறந்தார்.
'வந்தவர்களில்' போய்
'வாக்களித்தவர்களில்' என்று மார்ச்சிலேயே மாறியிருந்தது.
பொதுக்கூட்டம் முடிந்து எல்லோரும் பீருக்கு எழும் நேரத்தில்
நிறைவேறிய ஒரு சொல்.
தட்டச்சு செய்தவன் நான்.
எழுத்துப்பிழை பார்த்தேன்.

மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

நாங்கள் மூவரும் வெளியே போய்
மழையில் ஒரு சிகரெட் பிடித்திருந்தால்
கோரம் இல்லை, கூட்டம் இல்லை,
ட்ராப்மனுக்கு இன்னொரு கோடை.
உட்கார்ந்திருந்தோம். கதிரைகளைச் சூடாக வைத்திருந்தோம்.
மெய்யாக எங்களை எண்ணினார்கள்,
உயிராக எண்ணவில்லை.

வீடு திரும்புகையில் தொங்கு ரயிலில், ஆற்றுக்கு மேலே,
ஆய்தம் நினைவுக்கு வந்தது.
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
ஓரமாய்க் குந்தியிருக்கும் மூன்று புள்ளி.
தனிநிலை என்று அதற்கு இன்னொரு பெயர்.
பள்ளியில் அந்தப் பெயர் எனக்குப் பெருமையாகப் பட்டது.

மௌனம் சம்மதம் என்பார்கள்.
எங்களுடையது சம்மதமாகக்கூட ஆகவில்லை,
பின்னத்தின் கீழெண்ணைச் சின்னதாக்கிவிட்டு
விலகிக்கொண்டது.
ஆம் 2, இல்லை 1, நடுநிலை 3.
குறிப்பெடுத்தவர்: செ. நகுலேசன்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன்.
கடிதம் இன்னும் சேரவில்லை போலும்.
இடுப்பளவு காஞ்சொறிக்குள் ட்ராப்மன்,
ரப்பர் கையுறையோடு, கொத்துக்கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு.
அவர் காலடியில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கறுப்பு மண்.
என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார்.
நானும் தூக்கினேன்,
தோளுக்கு மேலே,
யாரும் எண்ணக்கூடிய உயரத்துக்கு.