வகை என்ற கட்டம்

புளியரைச் சோதனைச்சாவடியில் இரவு ஒன்றே முக்கால்.
ஆரியங்காவு இறங்கி வந்த பேருந்தின் கடைசி இருக்கைக்காரர்
இடுப்பு மடிப்பில் வைத்திருந்ததை எடுத்து
என் மேசைமேல் போட்டான் மாசானமுத்து.
மூடினால் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்,
கனம் மட்டும் கூடுதல்.

கைப்பற்றல் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு: வகை.
'கத்தி ஒண்ணுன்னு போடுங்கக்கா,
மழை விட்டதும் செங்கோட்டைக்கு அனுப்பிரலாம்.'
போட்டிருக்கலாம்.
போன ஆனியில் அப்படித்தான் போட்டேன்.
பலாச்சுளை அறுத்து விற்கிறவள்
பதினோரு நாள் உள்ளே இருந்தாள்.
எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்றார் மாஜிஸ்திரேட்.

பேர் கேட்டோம். சொல்லவில்லை.
ஊர் கேட்டோம். குளத்துப்புழை டிக்கெட்டை நீட்டினார்.
வேட்டியில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்புத் திட்டுகள்.
காலடியில் ஓர் ஈரச் சாக்கு.

நகம் நுழைகிற பள்ளத்தில் நகம் வைத்து இழுத்தேன்.
பாதியில் ஒருமுறை நின்று,
பிறகு 'டக்' என்று முழுதாய்த் திறந்தது.
ஒரே அலகு. வெட்டுவாய் ரூல்தடி போல நேர்.
முதுகுதான் வளைந்து இறங்கி வாயைத் தொடுகிறது,
ஆகவே முனை இல்லை.
குத்த நினைத்தாலும் இதனால் குத்த முடியாது.

ஓட்டுநர் சுகதன் எட்டிப் பார்த்தார்:
'கப்பல்காரர் கயிறு அறுக்குந்நது.
என்றெ அளியன்கிட்ட உண்டு.'
டீ கொண்டுவந்த அசன்கனி
பேனாக்கத்தி என்றார், சர்க்கார் காலத்துச் சாமான்.
ஆட்டுக் குளம்பு சீவ என்றான் மாசானமுத்து,
அவன் வீட்டில் ஆடு உண்டு.
அவரவர் வீட்டுக் கத்தியாக அது
மேசையைச் சுற்றி வந்தது.

கைப்பையிலிருந்து முகப்பவுடர் எடுத்து
அலகின் அடியில் தேய்த்து ஊதினேன்.
தேய்ந்த மூன்று எழுத்து வெளுத்து எழுந்தது,
எந்தச் சீமை ஊரோ, பாதிப் பெயர்.
அது உதவவில்லை.
உதவியது சாணை:
ஒரு பக்கம் பலகைபோல் தட்டை,
மறுபக்கம் மட்டும் சரிவு.
கயிறு அறுக்க ஒருச்சாய்ந்த வாய் எதற்கு?
பிறகு கொம்புப் பிடியின் வால்புறத்தில் ஒரு வெடிப்பு.
வெடிப்பில்லை, வெட்டி வைத்த பிளவு.
தீக்குச்சி உள்ளே போனது.
குறுக்கே இரண்டு ஆணித்துளை, ஆணி இல்லை.
ஏதோ அங்கே இருந்திருக்கிறது,
மெல்லியதாக, எலும்பிலோ பித்தளையிலோ.

என் அண்ணன் பேச்சிப்பாறையில் ரப்பர் நாற்று போட்டு
நஷ்டப்பட்டவன். அந்த நஷ்டம்
இன்று ஒரு வரிக்கு உதவியது.

எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், விதி.
'வகை: கன்றில் மொட்டு ஒட்டும் மடக்குக் கத்தி.
முனை கிடையாது.
பட்டை நெம்பும் நாக்கு உடைந்து காணவில்லை.'

அவர் நிமிர்ந்தார்.
'உடைஞ்சதல்ல சாறே. நான்தான் கழட்டினேன்.
எலும்பு பட்டையைக் கீறும்.'
வலது கட்டைவிரலை விளக்குக்கு நேரே நீட்டினார்.
நகம் அரை அங்குலம், பழுப்பு,
ஓரம் முழுக்க வழவழவென்று.
'பேர் ஔசேப்பு.
சாக்கில மொட்டுக்குச்சி இருக்கு, மேக்கரைக்கு.
விடியுமுன்ன நனைக்கல்லெங்கில் எல்லாம் போகும்.'

மாசானமுத்து சாக்கைப் பிரித்தான்.
வாழைநாரில் கட்டிய பச்சைக் குச்சிகள்,
எண்ணவில்லை.
பேருந்துக்குக் கழுவவைத்த வாளியைத்
தானே இழுத்து வந்தான்.

'உடைந்து' என்பதை அடித்து
'கழற்றப்பட்டு' என்று மேலே எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்.
நகத்தையும் சேர்க்க வேண்டுமா என்று யோசித்ததில்
எழுத்து கட்டத்தைத் தாண்டி
அடுத்த கட்டத்துக்குள் இறங்கிவிட்டது.
'மதிப்புன்னு இருக்கிற இடம்க்கா அது,
வெலைய எங்க எழுதுவீங்க?' என்றான் மாசானமுத்து,
முழங்கை வரை நனைந்து.