இடப்பக்கம் முட்டை

எண்பது பக்கக் கொப்பி.
இடப்பக்கம் முட்டைக் கணக்கு,
வலப்பக்கம் வளவுக்கு வந்தவை.
நடுவில் தையல் நூல்,
அது அறுந்து ஒரு மாதமாகிறது.

ஆவணி, திங்கள். ஏழு முட்டை. ஒன்று தோல்முட்டை.
வலப்பக்கம்: புலுனிகள். எண்ணவில்லை.
அவை கதைக்கிற கதைக்குள்
ஆர் நின்று எண்ணுவது.
கிணற்றுக்கட்டில் ஒரு கொண்டலாத்தி
கொண்டையை விரித்தது,
ஏன் விரித்தேன் என்பதுபோல் மடக்கியது.

மல்லாவியில் மழைக்கு இன்னும் நாளிருக்கிறது.
வவுனிக்குளத்துப் பக்கமிருந்து
நாரைகள் கூரைக்கு மேலால் போகின்றன,
வேலை முடிந்து போகிற ஆட்களைப்போல.
கோழிகள் தலையைச் சரித்து
ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும்.
பிராந்து இல்லை என்று கண்டதும் விட்டுவிடும்.
எனக்குத்தான் கழுத்து நோகும்.

தவணை என்பது கோழியின் பெயர்.
கடன்காசில் வாங்கிய ஐந்தில் மிஞ்சியவள்.
ஒன்றை மரநாய் கொண்டுபோனது.
இரண்டு வெள்ளைக்கழிச்சலில்.
ஒன்று பரஞ்சோதியரின் நாய்.
அது தன் நாயில்லை என்று இன்னும் சொல்கிறார்,
வாயில் இறகோடு நின்றதை
இரண்டு பேருமாய்ப் பார்த்திருந்தும்.
செவ்வாய்தோறும் மோட்டார் சைக்கிளில் வருகிற பெடியனுக்கு
இவள்தான் தவணை என்று காட்டினேன்.
சிரித்தான்.
சிரித்துவிட்டுக் காசை எண்ணி வாங்கினான்.

பின்வேலிக்கு அங்கால்
பாலை, வீரை, பிறகு காடுதான்.
கிளுவங் கதியால்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது
கண்ணிவெடி எடுத்தவர்கள் விட்டுப்போன
சிவப்பு வெள்ளை நாடா. இப்போது ஒரே வெள்ளை.
அந்தக் கதியாலில்தான் ஒரு விடியப்புறம்
காட்டுச்சேவல் வந்து நின்றது.
கொண்டைச் சிவப்பின் நடுவில் மஞ்சள்,
மஞ்சட்கருவில் விரல் தோய்த்து
ஆரோ வைத்துவிட்ட மாதிரி.
என் சேவல் தொடங்கிய கூவலைப்
பாதியில் நிறுத்திற்று.
என் வாய் நிறையப் பற்பசை நுரை.
துப்பினால் பறந்துவிடும்.
விழுங்கினேன்.

காட்டுச்சேவல், ஒன்று, காலை ஐந்து ஐம்பது.
அடுத்த நாளும் அதே நேரம்.
நாலாம் நாள் வேலிக்கு உள்ளே.
ஐந்தாம் நாள் தவணையைக் காணவில்லை.
அதை எழுதவில்லை,
எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல்.

செவ்வாய் வந்தது. தவணை எங்கே, என்றான் பெடியன்.
எதைக் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் விளங்கவில்லை.

ஆறு செவ்வாய் கழிந்து
நாடாவுக்குக் கீழால் குனிந்து வந்தாள்.
பின்னால் நாலு குஞ்சு, முதுகில் கோடு போட்டவை.
அரிசிக்குறுநல் தூவினால்
என் கால் அசையாத நேரம் மட்டும் தின்னும்.
இருட்டினால் கூட்டுக்கு வராது.
தறப்பாள் போட்ட நல்ல கூடு.
முருங்கையில் ஏறி இருக்கும்.

வல்லூறும் அந்த முருங்கைக்குத்தான் வந்தது.
கல்லை எடுத்தேன்.
கண் செம்மஞ்சள். நெஞ்சில் மெல்லிய குறுக்குக் கோடுகள்.
இவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதில்லை.
ஒரு மூச்சு அளவு பார்த்தேன்.
கல் போய் விழுந்தபோது
மூன்று குஞ்சுதான் இருந்தது.
அன்றிரவு இரண்டு பக்கமும் எழுதினேன்.
வலப்பக்கத்தில் எழுத்து வடிவாக இருந்தது,
அதுதான் எனக்கு வெட்கம்.

ஊசி போட வந்த கால்நடை அலுவலர்
மொத்தம் எத்தனை என்று கேட்டார்.
கீழே எட்டு, மேலே மூன்று.
மேலே பார்த்தார்.
மேலே இருக்கிறதுக்கு என்னட்ட ஊசி இல்லை, தங்கச்சி.

ஐப்பசி. மழை பிடித்துவிட்டது.
பின்னேரம் ஆறுமணிக்குருவியின் முதல் சத்தம்,
மணிக்கூடு ஐந்து ஐம்பத்தெட்டு.
மூன்றில் ஒன்று நனைந்து இறங்கி
தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது,
உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.
மற்ற இரண்டையும் டோர்ச் அடித்துத் தேடினேன்.
இலையில் தண்ணீர் மட்டும் மினுங்கியது.

புதன். நாலு முட்டை.
தவணை திரும்பவும் பின்வேலிப் பக்கம் போகிறாள்.
கூப்பிட்டுப் பார்த்தேன்.